பன்னிரண்டு அடித் தண்ணீர்

நாற்பத்தோராவது வயதில் நான் நீந்தப் பழகத் தொடங்கினேன். ஆசிரியர் அறையில் இதைச் சொன்ன அன்று எல்லோரும் சிரித்தார்கள். "எங்க டீச்சர், கடலிலயா?" என்று ஒருவர் கேட்டார். கடலில் இல்லை. வெள்ளவத்தையில் என் மச்சி வீட்டின் பின்முற்றத்தில் ஒரு சிறு தடாகம் இருக்கிறது. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் எட்டு அடி, ஆழம் மூன்றரை அடி. பிள்ளைகள் விளையாடக் கட்டியது. சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி அங்கே போகிறேன். மச்சிதான் என் ஆசிரியை. அவரும் முப்பது வயதுக்குப் பிறகு, ஒரு பெண் பயிற்றுநரிடம் பழகியவர்.

இந்த வயதில் ஏன் இந்த ஆசை என்று நீங்கள் கேட்கலாம்.

நான் பிறந்தது கல்முனைப் பக்கம். கடல் இரைச்சலைக் கேட்டே வளர்ந்தேன். ஆனால் கடலுக்குள் இறங்கியவர்கள் என் காக்காமார்தான். நாங்கள் கரையில் நின்று அவர்களுடைய சாரங்களையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டிருப்போம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது என் சாச்சி போய்ச் சேர்ந்தார். அவருடன் அதே வளவில் நின்ற அவருடைய மகன், மிதந்து வந்த ஒரு பலகையைப் பிடித்துத் தப்பினான்.

அந்த அனர்த்தத்தைப் பற்றி ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையைப் பின்னாளில் வாசித்தேன். பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்ததாக அது சொல்கிறது. அது காட்டும் காரணங்களில் ஒன்று, நீந்துவதும் மரமேறுவதும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டிருந்தமை. நீச்சல் தெரிந்திருந்தால் சாச்சி பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட அலைக்கு முன்னால் நல்ல நீச்சல்காரரும் ஒன்றும் செய்ய இயலாது. ஆனாலும் தண்ணீரில் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும் வழி அவருக்குக் கற்பிக்கப்படவே இல்லை என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

இத்தனைக்கும் நீச்சலில் பேர்போன நாடு இது. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை மண்ணின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அந்நீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலங்களில் நீந்தி முடித்தார். வெள்ளவத்தைக் கடற்கரையில் கின்ரோஸ் நீச்சல், உயிர்காப்புக் கழகம் இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு அருகே சுகததாச விளையாட்டரங்கின் தடாகம் இருக்கிறது. அப்படியிருந்தும் என் வயதுப் பெண்களில் நீந்தத் தெரிந்தவர்களை என் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடுவேன். மார்க்கம் இதற்குத் தடையில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும்படி உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக எங்கள் வீடுகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். சொல்லிவிட்டு மகனை மட்டும் அனுப்புவார்கள். மறைவான இடம், பெண் ஆசிரியை, உரிய உடை ஆகிய மூன்றும் ஒருசேர அமைவதில்லை என்பதுதான் எங்கள் சிக்கல். மதில் சூழ்ந்த ஒரு சிறு தடாகம் அந்தச் சிக்கலில் பாதியைத் தீர்த்துவிடுகிறது.

பன்னிரண்டு அடிக்குள் எப்படி நீந்துவது? நானும் அதைத்தான் கேட்டேன். முதல் மூன்று வாரம் மச்சி என்னை நீந்தவே விடவில்லை.

முதற் பாடம் மூச்சு. தடாகத்தின் ஓரத்தைப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்கு வழியாக மெதுவாகக் குமிழி விட வேண்டும். பிறகு முகத்தை வெளியே எடுத்து வாயால் மூச்சை இழுக்க வேண்டும். பழகாதவர்கள் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அப்போது நம்மைத் திணறச் செய்வது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு அல்ல. உடலில் சேரும் காபனீரொட்சைட்டுத்தான் 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று நெருக்குகிறது. உள்ளே இருக்கும்போதே காற்றை வெளியே விட்டுவிட்டால், மேலே வரும் அந்தச் சிறு நேரம் மூச்சை உள்ளே இழுக்க மட்டும் போதும்.

இரண்டாம் பாடம் மிதத்தல். மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழத் தண்ணீரின் அடர்த்திதான். நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் மிதப்போம். முழுவதும் வெளியே விட்டால் பலர் அமிழ்வோம். காற்றுப் பை நெஞ்சில் இருக்கிறது, பாரமான கால்கள் கீழே இருக்கின்றன. அதனால் கால் தாழ்வது இயல்பு. பயத்தில் தலையை உயர்த்தினால் இடுப்பும் சேர்ந்து தாழும். மல்லாந்து, காது இரண்டும் நனையத் தலையைத் தண்ணீரில் சாய்த்து, கைகளைத் தலைக்கு மேலே நீட்டினால் உடல் தராசுபோலச் சமநிலைக்கு வரும். கேட்க எளிதுதான். தண்ணீர் காதை மூடிய முதல் தடவை நான் மச்சியின் கையை நகம் பதியப் பிடித்துவிட்டேன்.

மூன்றாம் பாடம் எழுந்து நிற்றல். யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு மிகவும் உதவியது இதுதான். குப்புற மிதக்கும்போது முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, இரு கைகளாலும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தி, பாதங்கள் தரைக்கு வந்த பிறகு தலையைத் தூக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்று உடலுக்குத் தெரிந்ததும் பயத்தில் பாதி கழன்றது. ஆழம் குறைந்த சிறு தடாகத்தின் பெரிய பயன் இதுவே.

நான்காவதாகத்தான் நீச்சல். இடுப்பில் ஒரு பட்டி கட்டி, அதை நீளும் இறப்பர்க் கயிற்றால் ஏணிக் கம்பியில் இணைப்போம். நீந்த நீந்தக் கயிறு பின்னால் இழுக்கும்; நின்ற இடத்திலேயே நீந்தலாம். தூரத்துக்குப் பதிலாக நேரத்தைக் கணக்கிடுகிறோம். முதலில் முப்பது விநாடி, பிறகு ஓய்வு, மீண்டும் முப்பது. பட்டி ஒரே இழுப்பில் கழலக்கூடியதாக இருக்க வேண்டும்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்திச் சல்வார் தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும். தளர்ந்த சால்வை கழுத்தில் சுற்றினால் ஆபத்து. அவுஸ்திரேலியாவில் வாழும் அஹெதா ஸனெட்டி என்ற பெண் 2004இல் புர்கினி என்ற உடையை வடிவமைத்தார். தலையோடு உடல் முழுவதையும் மறைக்கும், ஆனால் தண்ணீரை உறிஞ்சாத துணி. நான் வாங்கியதும் அந்த வகைதான்.

வீட்டில் தடாகம் வைத்திருப்பவர்கள், வைக்க நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள். மச்சி வீட்டுத் தடாகத்தில் ஏறத்தாழ 9,500 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதாவது ஒன்பதரைத் தொன் பாரம். கடையில் வாங்கும் மடிப்புத் தடாகங்களைப் பொறியியலாளரிடம் கேட்காமல் மொட்டை மாடியில் வைக்க வேண்டாம். லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரீனும், 7.2 முதல் 7.8 வரை பீஎச் பெறுமானமும் இருக்க வேண்டும். சோதனைத் தாள் கொண்டு வீட்டிலேயே பார்க்கலாம். பாவிக்காமல் தேங்க விட்டால் டெங்கு நுளம்பு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு ஆழம் குறைந்திருந்தாலும் யாரும் தனியே இறங்கக்கூடாது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டும் கதவு அவசியம். பார்த்திருப்பவர் கையில் கைபேசி இருக்கக்கூடாது என்பது மச்சியின் சட்டம்.

இங்கே பழகியதை வைத்துக்கொண்டு கடலில் இறங்கிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். உப்புத் தண்ணீர் நம்மைச் சற்றுக் கூடுதலாக மிதக்க வைக்கும், ஆனால் அலையும் நீரோட்டமும் வேறு விடயம். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடிக் களைத்துப் போகாமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இயலுமானால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலக வேண்டும். அங்கேயும் முதலில் தேவைப்படுவது மிதக்கத் தெரிந்திருப்பதுதான்.

ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் ஜூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்திருக்கிறது. பாடசாலையில் எத்தனையோ தினங்களைக் கொண்டாடுகிறோம். அந்த நாளில் ஒரு பெண் பயிற்றுநரை அழைத்து, மூச்சு விடவும் மிதக்கவும் மாணவிகளுக்குக் காட்டித்தரச் சொன்னால் என்ன?

போன சனிக்கிழமை நான் கயிறும் பிடியும் இல்லாமல் மல்லாந்து மிதந்தேன். என் மகள் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணினாள். இருநூறு வரை எண்ணியதும், "உம்மா, எழும்புங்க, இப்ப என்ட முறை" என்றாள். நான் எழுந்து அவளுக்கு இடம் விட்டேன்.