கொட்டகையில் கிடக்கும் மாடல் டி கார்: வாங்குவதா, விடுவதா?

1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி வண்டிகள் தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி கார், அமெரிக்கப் பண்ணைகளின் வைக்கோல் கொட்டகைகளிலிருந்து இன்றும் தூசி படிந்து வெளிவருவதுண்டு. அதை வாங்கி ஓடவைக்க விரும்புபவர் முதலில் ஆராய வேண்டியது எஞ்சின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடலை. அதனுள் சுற்றும் தண்ணீரை வடிக்காமல் கடுங்குளிரில் விட்டிருந்தால், அது உறைந்து விரிந்து இரும்பையே பிளந்திருக்கக்கூடும். மயிரிழை போன்ற அந்த வெடிப்பு எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் எளிதில் கண்ணில் படாது.

பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருப்பது அவ்வளவு அஞ்சத்தக்கதன்று: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே துருவை இளக்கும் எண்ணெயை விட்டுப் பல நாள் ஊறவைத்தால் பெரும்பாலும் அசைந்துகொடுக்கும், பொறுமையிழந்து எஞ்சினைக் கிளப்பும் முன்புறக் கைப்பிடியை வலிந்து சுழற்றுவதுதான் பெருங்கேடு. மரச் சக்கரங்களிலோ விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஆரக்கால்கள் உலர்ந்து சுருங்கிக் கையால் அசைத்தாலே ஆடுமானால், புதிய ஆரக்கால்கள் பூட்டாமல் வண்டியைச் சாலையில் இறக்குவது உயிருக்கே ஆபத்து.

உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன என்பது பெரிய ஆறுதல். ஆனால் வண்டிக்கூட்டின் தகட்டுக்குள் இருக்கும் மரச்சட்டம் உளுத்திருந்தால், அதைச் சீராக்கும் தச்சுக்கூலியே வண்டியின் விலையை மிஞ்சலாம். மாடல் டி அரிய வண்டியன்று. ஆகவே இலாபம் கருதுபவர் விலகிக்கொள்வதே நல்லது, ஓட்டி மகிழ நினைப்பவர் பிளாக்கும் உரிமைப் பத்திரமும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.