மூத்திரத்தில் ரத்தமா? சூடு என்று சும்மா இருக்காதீர்கள்!

தோட்டப் பாட்டாளிகளே, நம் லயங்களில் ஒரு பழக்கம் உண்டு. மூத்திரம் சிவந்து போனால், "வெயில்ல நின்ன சூடு, ரெண்டு இளநீர் குடிச்சா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிடுவோம். மறுநாள் தெளிந்தால் மறந்தும் விடுவோம். இங்கேதான் ஆபத்து.

சிறுநீரகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ரத்தம் ஒரு நாள் வரும். பிறகு பல நாள் வராமலும் இருக்கும். நின்றுவிட்டதாலே நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கல்லாகவும் இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியது சோதனை, நாம் அல்ல. விலாவில் விடாத வலி, கட்டி, காரணமில்லாத இளைப்பு இவற்றையும் கவனியுங்கள். சுருட்டு, சிகரெட் பிடிப்பவரும், ரத்தக் கொதிப்பு உள்ளவரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

"புற்றுநோய்னா கதை முடிஞ்சது" என்ற பயம் வேண்டாம். 1990-ல் அமெரிக்காவில் டாக்டர் ரால்ஃப் கிளேமன் குழுவினர் சிறு துளைகள் வழியாகவே சிறுநீரகத்தை எடுத்துக் காட்டினார்கள். கட்டி சிறிதென்றால் இன்று பல பேருக்குக் கட்டியை மட்டும் நீக்கி, மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள். நோய் பரவியவர்களுக்கு, கட்டிக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும் சுனிட்டினிப் மாத்திரை 2006-லும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப் மருந்து 2015-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எல்லாருக்கும் பூரண குணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பலருக்கு ஆயுள் நீண்டிருக்கிறது. விலைதான் அதிகம். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் சமூகநல அதிகாரி இருப்பார். உதவிக்கு வழி கேளுங்கள்.

மருந்து பாதி என்றால் தாதியரின் கவனிப்பு பாதி. ஆப்பரேஷன் ஆனதும் மூச்சை இழுத்துவிடச் சொல்லி, எழுந்து நடக்க வைப்பவர் மிஸிதான். சளி கட்டாமலும் ரத்தம் உறையாமலும் இருக்கத்தான் அந்தப் பாடு. "வலிக்குது, விடுங்க மிஸி" என்று மறுக்காதீர்கள்.

சுனிட்டினிப் மாத்திரையால் உள்ளங்கை, உள்ளங்கால் புண்ணாகலாம். உளி பிடிக்கும் கைக்கும், குலை வெட்டப் போகும் காலுக்கும் இது பெரிய கஷ்டம். நாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எரிச்சல் தொடங்கியதுமே மிஸியிடம் சொல்ல வேண்டும். பூச வேண்டிய களிம்பை அவர் காட்டுவார், டாக்டர் அளவை மாற்றுவார். நிவோலுமாப் போட்டவருக்கு வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால், கடை மாத்திரை போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் குடிக்கும் கஷாயத்தையும் மறைக்க வேண்டாம்.

"ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று தயங்குகிறீர்களா? தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை. டாக்டர் சீட்டு வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

வெட்கப்பட்டு மனைவியிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் நம்மில் உண்டு. சொல்லுங்கள். சிவப்பு ஒரே ஒரு தடவை தெரிந்தாலும் போதும், அந்த வாரமே கிளினிக்குக்குப் போய் மூத்திரத்தைச் சோதித்துப் பாருங்கள்.