பிள்ளை பெத்தா வலி போயிருமா?

விக்கிரமசிங்கபுரம் பக்கம் மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பெண்பிள்ளைக்கு வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கும் வைத்தியம் இரண்டு. பள்ளிக்கூடம் போகிற வயதில், "பொறுத்துக்கோளா, பொம்பளையாப் பொறந்தா அப்படித்தான்." கல்யாண வயது வந்ததும், "ஒரு பிள்ளையப் பெத்துட்டா எல்லாம் சரியாயிரும்." மில்லுக்குப் போகிறவளும், மடியில் தட்டை வைத்து மணிக்கணக்காகக் குனிந்து பீடி சுற்றுகிறவளும் கேட்டு வளர்ந்தது இதைத்தான். இரண்டாவதைச் சில டாக்டர்களும் சொல்வதுண்டு என்பதால் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. அந்த மதிப்புக்கு அது தகுதியானதில்லை.

எல்லா மாதவிலக்கு வலியும் நோயில்லை. ஆனால் வேலையை முடக்கிப் போடும் வலி, மலம் கழிக்கும்போதும் தாம்பத்தியத்தின்போதும் வரும் வலி, மாத்திரைக்கு அடங்காத வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும், கருப்பைக்குப் பின்புறமும், குடல், சிறுநீர்ப்பை மேலும் வளர்கிற நோய் இது. மாதச் சுழற்சிக்கு ஏற்ப அந்தத் திசுவும் கசியும். கசிந்த ரத்தத்துக்கு வெளியேற வழி கிடையாது. அங்கேயே அழற்சியும் தழும்பும் உண்டாகி, கருப்பையும் குடலும் கோந்து தடவியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பைக்குள் தேங்கிப் பழுப்பேறிய ரத்தத்தைத்தான் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சாக்லேட் சிஸ்ட்' என்கிறார்கள்.

மாதவிலக்கு ரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் இது வருகிறது என்று 1920களில் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். அப்படிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. மரபணுவுக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் இதில் பங்குண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு இந்நோய் இருக்கிறது.

நோயைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆவது உலகம் முழுக்க உள்ள குறை. நம்மூரில் அதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். பெரிய கட்டி அதில் தெரியும். குடலோரம் படிந்த சிறு திட்டுகள் தெரியாது. 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்ததும், பிள்ளை வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று வீட்டில் முடிவாகிவிடும்.

கர்ப்பத்துக்கு வருவோம். பத்து மாதம் மாதவிலக்கு நின்று, புரோஜெஸ்டிரான் ஹார்மோன் உச்சத்தில் இருப்பதால் பலருக்கு வலி குறைவது உண்மை. பாட்டிமார் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் திசு அங்கேயேதான் இருக்கிறது. ஒட்டிக் கிடந்த இடங்களை வளரும் கருப்பை இழுப்பதால் சிலருக்கு முதல் மாதங்களில் வலி கூடவும் செய்யும். தாய்ப்பால் குறைந்து மாதவிலக்கு திரும்பும்போது பழைய வலியும் பலருக்குத் திரும்புகிறது. நோயைத் தீர்ப்பதற்காக மட்டும் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022 வழிகாட்டியில் தெளிவாகவே எழுதிவிட்டது. தவிர, இந்த நோயுள்ள பலருக்குக் கரு தரிப்பதே சிரமம். மருந்தாகச் சொன்ன பிள்ளை வராமல் போனால் 'மலடி' என்ற பேச்சும் அவள் தலையில்தான் விழும்.

கரு தங்கிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்திலிருந்து நல்ல ஆதாரம் இருக்கிறது. லக்கி சரஸ்வத் தலைமையிலான குழு 1981 முதல் 2010 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தது. அறுவை மூலம் நோய் உறுதியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை மற்றப் பெண்களோடு ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். கருச்சிதைவுக்கான வாய்ப்பு சுமார் 1.8 மடங்கு. கருப்பைக்கு வெளியே கரு தங்குவது 2.7 மடங்கு. குறைமாதப் பிரசவம் கால் பங்கு கூடுதல். நஞ்சுக்கொடி கீழிறங்கி கருப்பை வாயை மறைப்பது 2.2 மடங்கு.

மடங்குக் கணக்கு பயமுறுத்தும். நஞ்சுக்கொடி இப்படி மறிப்பது பொதுவாக 200 பிரசவத்தில் ஒன்று. இரட்டிப்பானாலும் நூற்றில் ஒன்றுதான். இந்த நோயோடு கர்ப்பமாகும் பெரும்பாலோர் நல்லபடியாகவே பிள்ளை பெறுகிறார்கள். ஆனாலும் அந்த ஒன்றை முன்கூட்டியே அறிவது இந்த ஊருக்கு மிக முக்கியம். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால் சிசேரியன்தான் வழி. திடீரென்று ரத்தம் கொட்டலாம். ரத்த வங்கி பக்கத்தில் இருக்க வேண்டும். பாபநாசம் மலையடிவாரத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். வலி வந்தபின் புறப்படலாம் என்று இருக்கக் கூடிய தூரமில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் கொடி கீழே இருந்தால் கலங்க வேண்டாம், கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலேறிவிடும். எட்டாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவே.

சிசேரியனுக்குப் பிறகும் ஒரு விஷயம் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அறுவையின்போது கருப்பைச் சவ்வின் துணுக்கு வயிற்றுத் தையலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வளர்வது அரிதாக நடக்கும். முன்பு நோயே இல்லாதவருக்கும் வரலாம். தையல் தழும்பில் ஒரு கட்டி, மாதவிலக்கு நாட்களில் மட்டும் அது வீங்கி வலிக்கிறது என்றால் குடலிறக்கம் என்றோ தையல் நூல் என்றோ விட்டுவிடக் கூடாது. முழுதாக வெட்டியெடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்பே வலியைக் குறைக்க டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் இருக்கின்றன. "இதைப் போட்டால் பிள்ளை பிறக்காது" என்று பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். சாப்பிடும் காலத்தில்தான் மாதவிலக்கு நிற்கும், நிறுத்தினால் திரும்பிவிடும்.

ஏற்கெனவே சாக்லேட் சிஸ்ட் என்று சொல்லப்பட்டவர்களும் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்களும் கர்ப்பத்தைப் பதியும்போதே நர்சம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாதென்றால் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு ஸ்கேனிலும் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ரத்தம் பட்டாலோ, வயிற்றுவலி திடீரென்று கடுமையானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.