ட்ரெய்லருக்கு இடப்பக்கம் நிற்காதீர்கள்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் சைக்கிள் ஓட்டுபவர்கள் இரண்டு ரகம். மணலி ஆலைகளுக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர் ஒருவர். கேரியரில் டிபன் பை, ஹேண்டில் பாரில் தொங்கும் தண்ணீர் பாட்டில், பல வருஷம் ஓடித் தேய்ந்த பெரிய சைக்கிள். இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் ஹெல்மெட்டும் ஜெர்சியும் மாட்டிக்கொண்டு மீஞ்சூர், பொன்னேரி, தெம்பிருந்தால் பழவேற்காடு வரை மிதிக்கிற இளைஞர். இருவருக்கும் பாதை ஒன்றுதான்: இருநூறு அடிச் சாலை, அதைத் தாண்டினால் திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் போய்வரும் கன்டெய்னர் லாரிகளும் இந்தச் சாலைகளைத்தான் நம்பியிருக்கின்றன.

இங்கே சைக்கிள்காரரிடம் உரிமை பற்றிப் பேச்செடுத்தால், "நமக்கு லைசென்ஸும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை, அடிபட்டா யார்கிட்ட போய் நிக்கிறது?" என்பார்கள். முதல் பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. அதனால் உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் தேவையில்லை. இரண்டாம் பாதி தப்பு. இழப்பீடு உங்கள் காப்பீட்டிலிருந்து வருவதில்லை, இடித்த வண்டியின் காப்பீட்டிலிருந்து வருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இடிபடாமல் இருப்பதற்கு முதல் வழி சைக்கிளின் அளவிலேயே இருக்கிறது.

நம்மில் பலர் குரங்கு பெடல் போட்டு சைக்கிள் பழகியவர்கள். அப்பாவின் வண்டி எட்டாது. பாருக்குக் கீழே காலை நுழைத்து ஓட்டினோம். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இன்றும் கடையில் "வளர்ற புள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா குடுங்க" என்று கேட்பது. பிளஸ் ஒன் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இலவச சைக்கிளிலும் மாணவருக்கு ஒரு மாடல், மாணவிக்கு ஒரு மாடல், அவ்வளவுதான். நாலே முக்கால் அடிப் பிள்ளைக்கும் ஐந்தே முக்கால் அடிப் பிள்ளைக்கும் அதே வண்டி. ஊர்த் தெருவில் இது சமாளிக்கக்கூடிய சங்கடம். ட்ரெய்லர் ஓடும் சாலையில் அப்படி இல்லை. திடீரென நிறுத்தும்போது கால் தரையை எட்டாவிட்டால் வண்டி சாயும்; அது எந்தப் பக்கம் சாயும் என்பது உங்கள் கையில் இல்லை. ஹேண்டில் பார் எட்டாத தூரத்தில் இருந்தால் கை விறைத்து நீண்டிருக்கும். அந்த நிலையில் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்த்தால் வண்டி தானாக வலது பக்கம் வளையும்.

அளவெடுக்கக் கடைக்காரரின் கண் மதிப்பு போதாது. வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். அட்டை தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சைக்கிள் சீட் அழுத்தும் அளவுக்கு மேலே தள்ளிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை உள்ள நீளம்தான் உங்கள் உள்கால் அளவு. அதை 0.883 ஆல் பெருக்கினால் பெடல் கிராங்க் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் புழங்கும் கணக்கு இது. உள்கால் 76 சென்டிமீட்டர் என்றால் சீட் உயரம் சுமார் 67. கணக்கு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வையுங்கள், முழங்கால் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரி.

சீட்டை ஏற்றி இறக்கலாம், ஃப்ரேமை மாற்ற முடியாது. எனவே வாங்கும்போதே ஃப்ரேம் சரியாக இருக்க வேண்டும். பாருக்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது, ரோடு பைக்கில் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். உள்கால் அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்பது ஃப்ரேம் அளவுக்குத் தோராயமான தொடக்கம். 76-க்கு 50 அல்லது 51. ஒரு கம்பெனியின் 'மீடியம்' இன்னொரு கம்பெனியின் 'ஸ்மால்' ஆக இருக்கும் என்பதால் எழுத்தை நம்பாதீர்கள். இரண்டு அளவுக்கு நடுவே விழுந்தால், என் யோசனை சின்னதை எடுங்கள் என்பது. சின்ன ஃப்ரேமில் சீட் பைப்பை உயர்த்தலாம், ஹேண்டில் பாரைத் தாங்கும் ஸ்டெம்மை நீளமாக்கலாம். பெரியதில் வெட்டிக் குறைக்க ஒன்றுமில்லை. வாங்கிய பிறகு உடம்பே கணக்குச் சொல்லும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் உயரம். சுண்டுவிரல் மரத்துப்போனால் உள்ளங்கையில் பாரம் அதிகம் விழுகிறது, ஹேண்டில் பார் எட்டத்திலோ தாழ்விலோ இருக்கிறது. சிறிய கை உள்ளவர்கள் பிரேக் லீவரைக் கவனியுங்கள். பலவற்றில் லீவரை விரலுக்கு அருகே கொண்டுவர ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கடைகளில் அதை யாரும் தொடுவதே இல்லை.

உபகரணத்தில் பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், ஜெர்சிக்குக் கடைசி இடம். முதலில் பின்பக்கச் சிவப்பு விளக்கு. ஒரு காலத்தில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். டைனமோ போனதோடு அந்தப் பயமும் போய்விட்டது. மத்திய அரசு 2020-ல் சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை போட்டிருக்கிறது. புது வண்டியில் ரிஃப்ளெக்டர் இல்லையென்றால் கேளுங்கள். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனாலும் போடுங்கள். இஎன் 1078 போன்ற தரக்குறி உள்ளே ஒட்டியிருக்க வேண்டும், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும், ஒருமுறை பலமாக அடிவாங்கிவிட்டால் மாற்ற வேண்டும். விழுந்தால் தலையைக் காக்கும். லாரிச் சக்கரத்திடம் அது செல்லாது. டயரில் 25 மில்லிமீட்டர் ஒல்லியைவிட 28, ஃபோர்க் இடம் கொடுத்தால் 32 வாங்குங்கள். பள்ளமும் மணலும் கலந்த இந்தச் சாலைக்கு அதுவே பொருத்தம்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது மணலிக்கு 76.32 புள்ளி வந்தது. 70-ஐத் தாண்டினாலே மிக மோசமாக மாசுபட்ட பகுதி என்ற பட்டியல். விடியற்காலைக் காற்று சுத்தம் என்பது இங்கே எப்போதும் பலிக்காது. மார்கழி, தை மாதக் குளிரில் புகை மேலே எழாமல் தரையோடு தங்கும். வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி நிலையத்தின் அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அளவு மோசமாக இருந்தால் அன்று மூச்சிரைக்க மிதிக்க வேண்டாம்.

இனி லாரி. நாற்பது அடிக் கன்டெய்னரை இழுக்கும் ட்ரெய்லர் இடதுபுறம் திரும்பும்போது, முன்பகுதி போகிற தடத்தில் பின்சக்கரங்கள் போவதில்லை; உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர் வலதுபுறம் உட்கார்ந்திருக்கிறார், இடதுபுறக் கதவுக்குக் கீழே நிற்கும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. சிக்னலில் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் சந்தில் நுழைந்து முன்னால் போகப் பார்ப்பதுதான் ஆபத்துகளிலேயே பெரியது. லாரிக்குப் பின்னால், ஓட்டுநரின் கண்ணாடி உங்களுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். சாலையின் விளிம்பில் மணலோடு ஒட்டி ஓட்டவும் வேண்டாம். கொஞ்சம் உள்ளே, நேர்கோட்டில். 2017-ன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடப்பவர், சைக்கிள்காரர் போன்றவர்களிடம் ஓட்டுநர் கூடுதல் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. ஜெர்மனியில் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று அளவே போட்டிருக்கிறார்கள். நமக்கும் அப்படியொரு அளவு வர வேண்டும்.

அடிபட்டால்? 108. பக்கத்தில் இருப்பவர் தூக்கிப்போகத் தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் (2021) முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். அடுத்தது, பலர் கோட்டைவிடும் இடம்: வண்டி எண். ட்ரெய்லரில் இழுக்கும் வண்டிக்கு ஒரு பதிவு எண், பின்னால் இழுபடும் ட்ரெய்லருக்கு வேறொரு எண். இரண்டும் மண் பூசி மறைந்திருந்தாலும், கன்டெய்னர் பெட்டியின் கதவில் பெரிதாக நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அந்தப் பெட்டியை எந்த லாரி எடுத்துப்போனது என்று துறைமுக வாயிலில் பதிவாகியிருக்கும். போலீஸ் புகாரில் அந்த எண்ணைச் சேருங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

ஒரே ஒரு எண்ணுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? இடித்த வண்டி தெரியாவிட்டால் 161-ஆம் பிரிவின்படி கிடைப்பது மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். 2022 திட்டத்தின்படி வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி தெரிந்தால் கதை மாறுகிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். அல்லது 166-ஆம் பிரிவில் தவறை நிரூபித்து, வருமான இழப்பு, சிகிச்சைச் செலவு எல்லாம் சேர்த்து முழு இழப்பீடு கோரலாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இதில் எந்த எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். 166-க்கு ஆறு மாதக் கெடு. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்; நீங்கள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் எதிர்த்திசையில் வந்தது, இரவில் விளக்கில்லாமல் வந்தது போன்ற காரணங்களைச் சொல்லி இழப்பீட்டைக் குறைக்கக் காப்பீட்டுக் கம்பெனி வாதிடும். பின்விளக்கு அங்கேயும் உங்களைக் காப்பாற்றும்.

ஆலைத் தொழிலாளிக்கு இன்னொரு வழியும் உண்டு, மணலியில் பலருக்கு அது தெரிவதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் பதிவானவர் (மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய்) வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ வழியில் அடிபட்டால், அந்தப் பயணம் வேலையோடு தொடர்புடையது என்று காட்டினால், அது வேலைக்காயமாகக் கருதப்படும். 2010-லிருந்து இது நடைமுறை. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சைக்கிளில் போனாலும் அப்படித்தான். விபத்தை அன்றே கம்பெனிக்குத் தெரிவியுங்கள்.

வாங்கிய வண்டியிலேயே கோளாறு என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம்; திருப்பிக் கொடுக்கும் கெடு பில்லில் எழுதாவிட்டால் அது 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டுக்கு முன்னால் பயப்பட வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், ஐந்து லட்சம் வரையான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. அளவு பார்த்துத் தருவதாகச் சொன்னால் ஃப்ரேம் அளவைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வரியையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பழைய 12 அல்ல.

கடைசியாக, சாலையை வைத்திருப்பவர்கள். வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உள்ள குறையால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு வழி செய்கிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று கொள்கை வகுத்தது. நடப்பவரும் சைக்கிள்காரரும் சாலையில் சாகக் கூடாது என்பது அதன் இலக்குகளில் ஒன்று. பள்ளத்தைப் படமெடுத்து மாநகராட்சியின் 1913-ல் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் வார்டின் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் அந்த எண்ணோடு எழுந்து நின்று, இருநூறு அடிச் சாலையில் சைக்கிளுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.