செஞ்சிக் கோட்டையில் ஒரு பகல்

“மனத்திலே பெரிய தேசிங்கு ராஜன் என்று எண்ணம்!” சைக்கிளில் கையை விட்டு ஓட்டும் பையன் முதல் மீசையை முறுக்கும் மாமனார் வரையில், இந்தக் கேலிக்கு ஆளாகாதவர் தமிழ்நாட்டில் யார்? ஆனால் அந்தத் தேசிங்கு ராஜனுடைய கோட்டையைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், நம்மில் பலர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

அடியேனும் அண்மைக் காலம் வரையில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. குடும்ப சகிதமாகத் திருவண்ணாமலை தரிசனத்துக்குப் புறப்பட்டபோது, வழியில் செஞ்சியில் ஒரு பகல் தங்குவது என்று தீர்மானமாயிற்று.

திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 28 கிலோமீட்டர் சென்றதும் மூன்று குன்றுகள் கண்ணில் படுகின்றன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். பூதங்கள் கல்லாங்காய் ஆடிவிட்டுக் குவித்துப் போட்டவை போன்ற பாறைகள்! இந்த மூன்று குன்றுகளையும் வளைத்துக்கொண்டு சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது.

ராஜகிரியின் அடிவாரத்தில் முதலில் நம்மைக் கவர்வது கல்யாண மஹால். நாற்புறமும் அறைகள், நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு முடியுடன் விளங்கும் கோபுரம். கோட்டைக்கு வெளியிலிருந்த குளத்து நீரை மண் குழாய்களின் வழியே இந்தக் கோபுரத்தின் மேல் நிலைகளுக்கு ஏற்றினார்களாம். “நம் வீட்டு மாடிக்குத் தண்ணீர் ஏறமாட்டேன் என்கிறதே!” என்று என் மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். கட்டடக் கலையைப் பற்றி அதற்குமேல் நான் பேசத் துணியவில்லை.

அருகில் பிரம்மாண்டமான தானியக் களஞ்சியம் இருக்கிறது. அப்பால் வேங்கடரமணர் ஆலயம். புதுச்சேரிக் கடற்கரையில் இன்று காந்தியடிகளின் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள், பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனவையே.

பிறகு மலையேற்றம் தொடங்கிற்று. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. வாயிலுக்குப் பின் வாயிலாகக் கடந்து, குரங்குகளுக்குக் கப்பமும் செலுத்திக்கொண்டு மேலே சென்றோம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவின் அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் ஒரு பாலம். அக்காலத்தில் பாலத்தை அகற்றிவிட்டால், விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்களே ஒரு பெரும் சேனையை இப்பால் நிறுத்திவிடலாம்!

உச்சியில் ஒரு பழைய பீரங்கியும் அரங்கநாதர் கோயிலும் இருக்கின்றன. காற்று வாங்கியபடி உட்கார்ந்து, என் மகனுக்குக் கோட்டையின் வரலாற்றைச் சொன்னேன். நாயக்க மன்னர்களிடமிருந்து 1649-ல் இதைக் கைப்பற்றியது பிஜாப்பூர். 1677-ல் சத்ரபதி சிவாஜி கைக்கொண்டார். அவருடைய புதல்வர் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது, மொகலாயப் படை 1690 முதல் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டது. ராஜாராம் தப்பிச் சென்ற பிறகே 1698-ல் கோட்டை விழுந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவில் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் வந்தார்கள்.

“தேசிங்கு ராஜா எப்போது ஜயித்தார், அப்பா?” என்று பையன் கேட்டான்.

“அவன் ஜயிக்கவே இல்லை.”

“தோற்றுப்போனவருக்கா இவ்வளவு பாட்டு?”

இதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

தேசிங்கு என்று நாம் சொல்லும் தேஜ் சிங், பந்தேல ராஜபுத்திர குலத்து இளைஞன். கோட்டையை நிர்வகித்த தந்தை ஸ்வரூப் சிங் காலமானதும் பொறுப்பை ஏற்றான். கப்பப் பாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெரும் படையுடன் வந்தார். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய மதில்களுக்குள் தேசிங்கு ஒளிந்துகொள்ளவில்லை. சில நூறு குதிரை வீரர்களுடன் வெளியே பாய்ந்து, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டான். அப்போது அவனுக்கு வயது 22 என்பார்கள். கோட்டையை ஆண்டது ஓராண்டுகூட நிறையவில்லை!

மோவுத்துக்காரன் என்று கதைப்பாட்டு அழைக்கும் முஸ்லிம் தோழன், கல்யாணப் பந்தலிலிருந்தே எழுந்து வந்து அவனுடன் போரிட்டு மடிந்தானாம்.

மாலையில் கீழே இறங்கிச் செட்டிக்குளக் கரையை அடைந்தோம். தேசிங்கின் சிதையும், அதில் உடன்கட்டை ஏறிய அவனுடைய இளம் மனைவியின் கதையும் இந்தக் கரையோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. மலையேறாமல் கீழேயே தங்கிவிட்ட என் தாயார் அங்கே காத்திருந்தார். தெருப்பாடகர் வாயிலாகத் தேசிங்கு கதையைச் சிறு வயதில் கேட்டவர் அவர். பேரன் தன் கேள்வியை அவரிடம் கொண்டுபோனான்.

“அவன் அவசரக்காரன்தான், கண்ணே! உள்ளே கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் இன்னும் சில மாதம் உயிரோடு இருந்திருப்பான். ஆனால், அந்தப் பிள்ளைக்கு உயிர் கொடுக்க ஒரு சிநேகிதன் இருந்தானே, அது எத்தனை ராஜாக்களுக்கு வாய்த்தது? அந்தப் பெண்தான் பாவம். அதை நினைத்துக் கேட்கிறவர்கள் எல்லாரும் அழுவோம்” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வடநாட்டு ராஜபுத்திரன் ஒருவன், முஸ்லிம் தோழன் ஒருவன், அவர்களுக்காகக் கண்ணீர் விட்ட தமிழ்க் கிராமத்து ஜனங்கள்! கல்லால் எழுப்பிய மதில் பல முறை விழுந்தது. இந்த மூவரும் சேர்ந்து எழுப்பிய கோட்டையை மூன்று நூற்றாண்டுகளாக யாரும் பிடிக்கவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. நேயர்கள் அவசியம் போய்வர வேண்டும். தாகத்துக்குத் தண்ணீருடன் காலையிலேயே மலையேறுவது உத்தமம். பிற்பகலில் தாமதித்து வருவோரை உச்சிக்கு விடுவதில்லை.

இன்னும் ஒரு விண்ணப்பம். அந்தப் புராதனச் சுவர்களில் ஆணியாலும் கரியாலும் தம் பெயரைப் பொறித்துவிட்டுப் போன மகாவீரர்கள் பலர் இருக்கிறார்கள். தேசிங்கு ராஜன் தன் பெயரை எந்தச் சுவரிலும் கிறுக்கவில்லை. அவன் பெயர்தான் நிற்கிறது.