கடலைக் காக்க வந்த கரும்புச் சோகை!

குழந்தைகளே! நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு நாட்டின் ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்தும், தமிழ் எண்களும் உண்டு. எந்த நாடு தெரியுமா? இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் மொரீஷியஸ்! கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய நம் நாட்டிலிருந்து போனவர்களின் பேரன், பேத்திகள் அங்கே ஏராளம். அந்தச் சின்னத் தீவுக்கு 2020-ஆம் ஆண்டு ஒரு பெரிய சோதனை வந்தது.

ஜப்பானியருக்குச் சொந்தமான 'வாகாஷியோ' என்ற கப்பல், சிங்கப்பூர் வழியாக பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீளம் சுமார் 300 மீட்டர். அதில் சரக்கு எதுவும் இல்லை. ஆனால் கப்பல் ஓட எரிபொருள் வேண்டுமே! அதற்காக சுமார் 4,000 டன் எண்ணெய் இருந்தது.

செல்போனுக்காக மாறிய பாதை

கரையிலிருந்து 22 கடல் மைல் தள்சிப் போவதுதான் முதலில் போட்ட திட்டம். கடல் மைல் ஒன்று என்பது 1.852 கிலோமீட்டர். வழியில் அந்தத் திட்டத்தை மாற்றி, 5 கடல் மைல் என்றார்கள். பிறகு இன்னும் நெருங்கினார்கள். எதற்காக? செல்போன் சிக்னல் கிடைப்பதற்காக! கரைக்கு அருகே எங்கே ஆழம், எங்கே பாறை என்று தெளிவாகக் காட்டும் வரைபடமும் அவர்களிடம் இல்லை. ஜூலை 25 இரவு, புவான்ட் டெஸ்னி என்ற இடத்தில், பவளப் பாறையின் மேல் கப்பல் தரை தட்டியது. அதிலிருந்த 20 பேரும் உயிர் பிழைத்தனர்.

பக்கத்திலேயே 'ப்ளூ பே' என்ற பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. 12 நாட்கள் அலைகள் கப்பலை மோதிக்கொண்டே இருந்தன. ஆகஸ்ட் 6-ஆம் தேதி அடிப்பகுதி பிளந்து, எண்ணெய் கொட்டத் தொடங்கியது. சுமார் 1,000 டன் கடலில் கலந்தது! நீல நிறக் கடல் தார் போலக் கறுத்தது.

பவளம் கல்லா?

பவளப் பாறையைக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். மிகச் சிறிய உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய வீடு அது. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, வீட்டுக்காரருக்கு வாடகை போலத் தருகின்றன! நீரின் மேல் எண்ணெய் படர்ந்தால் ஒளி குறையும். எண்ணெயில் உள்ள நச்சுப் பொருள்கள் நீரிலும் கரையும். கப்பல் உரசிய இடத்தில் பவளம் நொறுங்கிப்போகும். பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அல்லது சில சென்டிமீட்டர்தான் வளரும். ஒரே இரவில் உடைந்தது மீண்டும் வளர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கரையோர அலையாத்தி மரங்கள் வேர்களால் மூச்சு விடுபவை. எண்ணெய் ஒட்டினால் அவற்றுக்கு மூச்சுத் திணறும்.

மக்கள் வந்தார்கள்

'வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்' என்று அரசு சொன்னது. ஆனால் மக்கள் வீட்டில் இருக்கவில்லை. மாணவர்கள், மீனவர்கள், தாய்மார்கள் என ஆயிரக்கணக்கானோர் கடற்கரைக்கு வந்தனர். கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து, நீண்ட உருளைகளாகத் தைத்தனர். காலி பாட்டில்களைக் கட்டி அவற்றை மிதக்கவிட்டு, எண்ணெய் பரவாமல் தடுத்தனர். பலர் தங்கள் தலைமுடியையே வெட்டிக் கொடுத்தனர். முடி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா?

இந்தியாவும் 30 டன்னுக்கும் அதிகமான கருவிகளையும், கடலோரக் காவல் படையினர் 10 பேரையும் விமானத்தில் அனுப்பியது. அருகிலிருந்த சிறு தீவுகளின் அரிய அரணைகளும் பல்லிகளும் பிடிக்கப்பட்டு, ஜெர்சி தீவு விலங்குக் காட்சிசாலைக்குப் பத்திரமாகச் சென்றன.

கப்பலில் மிஞ்சிய எண்ணெயில் பெரும்பகுதி வெளியே இறைக்கப்பட்டது. ஆகஸ்ட் 15-இல் கப்பல் இரண்டாக உடைந்தது. நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடியதால் ப்ளூ பே பூங்கா பெரும்பாலும் தப்பியது. வடக்கே இருந்த அலையாத்திக் காடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மீனவர்கள் பல மாதங்கள் அங்கே வலை வீச முடியவில்லை. 2021 டிசம்பரில் கேப்டனுக்கும் முதன்மை அதிகாரிக்கும் 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

செய்து பாருங்கள்!

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். அது எவ்வளவு தூரம் படர்கிறது என்று பாருங்கள். பிறகு காய்ந்த வைக்கோல், தேங்காய் நார், கொஞ்சம் தலைமுடி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள். எது அதிக எண்ணெயைப் பிடிக்கிறது? தட்டு முழுவதும் சுத்தமாகிறதா? இரண்டு சொட்டுக்கே இந்தப் பாடு என்றால், 1,000 டன்னுக்கு?