வெள்ளை காருக்கு கறுப்பு வீல்: அழகு சரி... நட் இறுக்கம் சரியா?

பௌர்ணமி அன்று மாலை திருவண்ணாமலைக்குள் வரும் கார்களை ஒரு பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். சென்னை, வேலூர், பெங்களூரு, ஆந்திரா என்று நம்பர் பிளேட்டுகள் கலந்து கட்டி வரும். நிறத்தில் மட்டும் அவ்வளவு கலப்பு இருக்காது, வெள்ளைதான் அதிகம். வெயில் சூட்டைக் குறைவாக இழுக்கும், கீறல் சட்டென்று தெரியாது, பழைய காராக விற்கும்போது வாங்க ஆள் கிடைக்கும். காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

அந்த வெள்ளை கார்களின் சக்கரங்களையும் பாருங்கள். சில்வர் ரிம்களுக்கு நடுவே கறுப்பும் அடர் சாம்பலும் நிறைய கண்ணில் படும். சில, கம்பெனியிலிருந்தே அப்படி வந்தவை. மற்றவை பெயின்டிங் ஷெட்டில் நிறம் மாறியவை. முழு காருக்கு பெயின்ட் அடிக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும், கார் புதுசு மாதிரி தெரியும் என்பதால் "வீலை மட்டும் பிளாக் பண்ணிடலாமா?" என்று யோசிக்காத வெள்ளை கார்க்காரர் குறைவு.

தாராளமாகப் பண்ணலாம். ஆனால் இந்த வேலையில் கலர் தேர்வு சின்ன விஷயம். பெயின்ட் எங்கே படக் கூடாது, ரிம் எவ்வளவு சூடாகக் கூடாது என்ற இரண்டும்தான் பெரிய விஷயம். அதில் கோட்டை விட்டால், அழகுக்குச் செய்த வேலை ஓடும் காரில் சக்கரம் ஆடுவது வரை போகலாம்.

கண்ணுக்கு ஏன் பிடிக்கிறது?

வாசலில் வெள்ளைக் கோலம் போட்டு, சுற்றிலும் காவி இழுப்பார்கள். காவி வந்ததும் வெள்ளை இன்னும் பளிச்சென்று ஆகும். காரிலும் அதே கதைதான். வெள்ளை உடல், கறுப்பு டயர், அதற்குள் சில்வர் ரிம் என்றால் கண் மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கும். ரிம்மும் கறுப்பாகிவிட்டால் டயரோடு சேர்ந்து ஒரே பெரிய வட்டமாகத் தெரியும். சக்கரம் பெரிதானது போலவும் கார் உடல் சுத்தமானது போலவும் ஒரு தோற்றம்.

ஒரே அளவில் இருந்தாலும் வெளிர் நிறப் பொருள் அடர் நிறப் பொருளைவிடப் பெரிதாகத் தெரியும். ஜப்பானின் 'கோ' பலகை விளையாட்டில் வெள்ளைக் காய்களைக் கறுப்புக் காய்களைவிடக் கொஞ்சம் சின்னதாகச் செய்வது இதனால்தான். அப்போதுதான் இரண்டும் சமமாகத் தெரியும்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. ரிம்மின் டிசைன் கறுப்பில் காணாமல் போகும். சின்ன ஹேட்ச்பேக்கின் 14 அங்குல ரிம்மை பளபளக் கறுப்பாக்கினால், தூரத்திலிருந்து பார்க்க சக்கரம் இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்தது போல இருக்கும் என்பது என் கருத்து. எஸ்.யூ.வி.க்குப் பொருந்துவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

கார் கம்பெனிகள் இந்த ஆசையை எப்போதோ பிடித்துவிட்டன. டாடா 2019-ல் ஹாரியரின் டார்க் எடிஷனை இறக்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய், 2022-ல் க்ரெட்டா நைட் எடிஷனைக் கொண்டுவந்தது. இரண்டிலும் கறுத்த அலாய் வீல்தான் முக்கிய ஈர்ப்பு.

"புது வண்டிக்குப் போய் கறுப்பா?" என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் பதில் கோயிலிலேயே இருக்கிறது. மலை உச்சியில் 11 நாள் எரியும் மகாதீபத்தின் மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தரும் ஊர் இது.

எந்தக் கறுப்பு?

கடையில் முதலில் காட்டுவது பளபளக் கறுப்பு. போட்டோவில் அதுதான் தூக்கலாக இருக்கும். ஆனால் திருவண்ணாமலை மாதிரி வெயிலும் புழுதியும் உள்ள ஊரில், கழுவிய மறுநாளே செம்மண் தூசி அதன் மேல் பவுடர் பூசினாற்போல உட்கார்ந்துவிடும். அழுத்தித் துடைத்தால் வட்ட வட்டமாகக் கோடு விழும். மேட் கறுப்பில் கோடு தெரியாது. ஆனால் எண்ணெய்க் கறை பட்டால் போகாது, பாலிஷ் போடவும் முடியாது. போட்டால் அந்த இடம் மட்டும் மினுமினுக்கும்.

என்னைக் கேட்டால் கன்மெட்டல் கிரே எனும் அடர் சாம்பல்தான் நடைமுறைக்குச் சரி. பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசி உதிரும் இரும்புத் துகள்தான் முன் சக்கரங்களைப் பழுப்பாக்குகிறது. அந்தக் கறை, ரோட்டுத் தூசி இரண்டையும் கன்மெட்டல் ஓரளவு மறைக்கும். வெள்ளை உடலோடு எடுப்பாகவும் இருக்கும், ரிம் டிசைனும் தொலையாது.

"கறுப்பு அடித்தால் பிரேக் சூடாகுமா?" என்று பலர் கேட்பதுண்டு. பிரேக் சூட்டைப் பெரும்பாலும் கொண்டுபோவது ஓடும்போது அடிக்கும் காற்று. ரிம்மின் நிறம் அதில் சொல்லிக்கொள்ளும்படி எதையும் மாற்றாது.

சூட்டில் இருக்கிறது ஆபத்து

ரிம்முக்கு நிறம் மாற்ற மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உரித்து எடுக்கக்கூடிய ரப்பர் போன்ற ஸ்ப்ரே. பிடிக்கவில்லை என்றால் பிய்த்துவிடலாம், ஆனால் பிரஷர் வாஷில் தானாகவே பிய்ந்துகொள்ளும். இரண்டாவது, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் பெயின்டும் கிளியர் கோட்டும் அடிக்கும் வழக்கமான முறை. ஒழுங்காகச் செய்தால் சில வருஷம் தாங்கும். மூன்றாவது, பவுடர் கோட்டிங். மூன்றிலும் உறுதியானது இதுதான், கவனம் அதிகம் தேவைப்படுவதும் இதற்குத்தான்.

பவுடர் கோட்டிங்கில் பெயின்ட் மாவு போல இருக்கும். மின்னூட்டம் கொடுத்து ரிம்மில் ஒட்டவைத்து, பிறகு அடுப்பில் சுடுவார்கள். வழக்கமாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை, 10 முதல் 20 நிமிடம். இரும்பு கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. அலாய் வீல் அப்படி இல்லை.

கார் அலாய் பெரும்பாலும் அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்ந்த கலவை. வார்த்து எடுத்த ரிம் உடனே உறுதியாகிவிடாது. 540 டிகிரிக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, பிறகு 150 டிகிரி சுற்றிலும் மறுபடி மெதுவாகச் சூடாக்குவார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில் உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உருவாகும். குழியில் விழுந்தாலும் ரிம்முக்குத் தாக்குப்பிடிக்கும் பலத்தைக் கொடுப்பது அவைதான்.

அதே ரிம்மை மறுபடி அதிகச் சூட்டில் வைத்தால் அந்தத் துகள்கள் பெருத்து, பலம் இறங்கும். 200 டிகிரிக்குள் ஒருமுறை, நேரக் கணக்கோடு சுட்டால் பெரிய பாதிப்பு வராது. பழைய பெயின்ட்டை எடுக்க 350, 400 டிகிரி அடுப்பில் போட்டு எரித்தெடுப்பது வேறு விஷயம். கேட், கிரில் வேலைக்கு அது சுலபமான வழி. அலாய் வீலுக்கு அதைச் செய்தால் ரிம் பார்க்க அப்படியேதான் இருக்கும், உள்ளே பலம் போயிருக்கும். இது எந்தப் பரிசோதனையும் இல்லாமல் வெளியே தெரியாது என்பதுதான் பயப்பட வேண்டிய இடம்.

ஆகவே ரிம்மைக் கொடுக்கும் முன், பழைய பெயின்ட்டை எப்படி எடுப்பார்கள் என்று கேளுங்கள். கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் அல்லது மென்மையான பிளாஸ்டிங் என்றால் சரி. "அடுப்புல போட்டு எரிச்சிடுவோம் சார்" என்றால் ரிம்மைத் திரும்ப டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பிடுங்க.

பெயின்ட் படக் கூடாத இடங்கள்

ரிம்மைத் திருப்பிப் போட்டால் நடுவில் ஒரு தட்டையான முகம் இருக்கும். காரின் ஹப்போடு ஒட்டி உட்காரும் இடம் அது. முன்பக்கம் நட் அல்லது போல்ட் வந்து உட்காரும் கூம்பு வடிவக் குழிகள் இருக்கும். இந்த இரண்டு இடங்களிலும் தடிமனான பெயின்ட்டோ பவுடரோ இருக்கவே கூடாது.

வீல் நட் சக்கரத்தைப் பிடித்திருப்பது இறுக்கத்தால்தான். உலோகமும் உலோகமும் அழுந்தி நிற்கும் வரை அந்த இறுக்கம் இருக்கும். நடுவில் பெயின்ட் அடுக்கு இருந்தால், நாம் இறுக்குவது அந்த அடுக்கைத்தான். ஓட ஓட, சூட்டிலும் அதிர்விலும் அது நசுங்கும். அந்த நூலளவு இடைவெளி போதும், நட்டின் பிடி தளர்ந்துவிடும். பிறகு சக்கரம் ஆடும், ஸ்டட் உடையும். ஷெட்டில் அந்த இடங்களை டேப் போட்டு மறைத்தார்களா, வேலை முடிந்ததும் வெறும் உலோகம் தெரிகிறதா என்று நீங்களே விரல் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

ரிம்மைப் பூட்டும்போது இன்னொரு பிரச்சினை. ஏர் கன்னில் 'டர்ர்' என்று அடித்து முடிப்பது நம் ஊர் வழக்கம். சின்ன, நடுத்தர கார்களுக்கு நட் இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காருக்கான சரியான எண் ஓனர் மேனுவலில் இருக்கும். அதை டார்க் ரென்ச் வைத்துத்தான் பிடிக்க முடியும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வரை ஒருமுறை போய்வந்தால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும்.

டயரைக் கழற்றாமல் பேப்பர் சுற்றி அடித்துத் தருவதாகச் சொன்னால் ஸ்ப்ரே வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளலாம். ஓரங்களில் சீக்கிரம் உரியும் என்பது தெரிந்தே. பவுடர் கோட்டிங்குக்கு டயர், வால்வு, காற்றழுத்த சென்சார் இருந்தால் அது, எல்லாமே வெளியே வந்தாக வேண்டும். திரும்ப மாட்டும்போது வீல் பேலன்சிங் கட்டாயம்.

பெயின்ட் அடிக்கும் முன் விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். குழியிலும் தெரியாத ஸ்பீடு பிரேக்கரிலும் அடிவாங்கிய ரிம்மில், உள் விளிம்பில் முடி போல விரிசல் இருக்கலாம். ஒரு கோட் பட்டியும் ஒரு கோட் கறுப்பும் போதும் அதை மறைக்க. பழைய கார் வாங்குபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: மற்ற எல்லாம் பழசாக இருக்கும் காரில் ரிம் மட்டும் புதுக் கறுப்பாக இருந்தால், டயருக்குப் பின்னால் குனிந்து பாருங்கள்.

டயமண்ட் கட் வைத்திருப்பவர்களுக்கு

டாப் வேரியன்ட்களில் வரும் பாதி கறுப்பு, பாதி பளபள அலுமினியம் கொண்ட ரிம்களைத்தான் டயமண்ட் கட் என்கிறோம். முகத்தை லேத்தில் சீவி, மேலே கிளியர் கோட் அடித்திருப்பார்கள். நடைபாதை விளிம்பில் ஒருமுறை உரசினால் கிளியர் கோட் உடைந்து, அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தாற்போல அரிப்பு பரவும். பழையபடி ஆக்க மறுபடி லேத்தில் சீவ வேண்டும்; ஒவ்வொரு முறையும் ரிம் கொஞ்சம் மெலியும். இவர்களுக்கு முழுசாக அடர் நிறம் அடிப்பது அழகு மட்டுமல்ல, உண்மையிலேயே புத்திசாலித்தனமான பழுதுபார்ப்பு.

போலீஸ் பிடிப்பார்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆர்.சி.யில் வண்டியின் நிறம் இருக்கிறது, ரிம்மின் நிறம் இல்லை. வெள்ளை உடலை நீலமாக்கினால் ஆர்.டி.ஓ.விடம் போயாக வேண்டும். ரிம்மைக் கறுப்பாக்க வேண்டாம். ஆனால் "அடிக்கிறதுதான் அடிக்கிறோம், ரெண்டு இஞ்ச் பெரிய ரிம்மாவே போட்டுடலாம்" என்று கடைக்காரர் ஆரம்பித்தால் கதை மாறுகிறது. டயர் வெளியே துருத்தினால், அளவு தயாரிப்பாளர் சொன்னதைத் தாண்டினால், அபராதத்துக்கும் இன்சூரன்ஸ் தகராறுக்கும் வழி திறந்துவிட்டது போலத்தான். காருக்கு வாரன்டி பாக்கி இருந்தால், ரிம்மில் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

அலாய் இல்லாத கார் வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டாம். பேஸ் வேரியன்ட்டின் ஸ்டீல் ரிம் பெரும்பாலும் கறுப்பாகவேதான் வருகிறது, மேலே சில்வர் பிளாஸ்டிக் வீல் கப் மாட்டி மறைத்திருக்கிறார்கள். நாலு கப்பையும் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால், துருப் பிடித்த இடத்தை உப்புத்தாளில் தேய்த்து, பிரைமரும் கறுப்பும் அடித்தால் முடிந்தது. ரிம் எப்படி இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்த்துக்கொள்ளலாம்.